தபால் வேலையிலிருந்து ஓய்வு: பார்ட் பி-க்குப் பொருந்தும் திட்டத்தை இப்போதே பாருங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் தபால் பிரிப்பு மையத்தில் 1999 முதல் வேலை செய்கிறேன். 2027 மே மாதம் எனக்கு 65 வயது ஆகிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற எண்ணம். மனைவிக்கு வயது 66, சர்க்கரை நோய் உண்டு, என் காப்பீட்டில்தான் இருக்கிறார். 2025 முதல் எங்களை, மத்திய அரசு ஊழியர்களுக்கான பழைய எஃப்.இ.எச்.பி. மருத்துவக் காப்பீட்டிலிருந்து தபால் ஊழியர்களுக்கென்று தனியாக உள்ள பி.எஸ்.எச்.பி.க்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் இரண்டு பேருக்கும், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பார்ட் பி கட்டாயம் என்கிறார்கள். 64 வயதானவர்களுக்கு விலக்கு உண்டு என்று உடன் வேலை செய்யும் நண்பர் சொல்கிறார். இத்தனை வருடம் மெடிகேர் வரி கட்டிய பிறகு இன்னும் ஏன் கட்ட வேண்டும்? கும்பகோணத்தில் அம்மா இருக்கிறார். ஆண்டுக்கு நாலைந்து மாதம் அங்கே தங்கப் போகிறோம். பென்ஷன் மாதம் சுமார் 1,900 டாலர் வரும். செலவைக் குறைக்க, எனக்குப் பின் மனைவிக்கு வரும் சர்வைவர் பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எழுதிக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நண்பர் சொன்ன விலக்கு. அது இருப்பது உண்மை. ஆனால் 2025 ஜனவரி 1 அன்று 64 வயது நிறைந்திருந்த ஊழியர்களுக்குத்தான் அது பொருந்தும். அன்று உங்களுக்கு 62. இன்று 64 ஆனதால் எதுவும் மாறாது. அந்தத் தேதிக்குள் ஓய்வு பெற்று, அதுவரை பார்ட் பி எடுக்காதவர்களுக்கும் விலக்கு உண்டு. உங்கள் நண்பர் மூத்தவரானால் அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு விலக்கு இல்லாததால் மனைவிக்கும் இல்லை. ஓய்வுக்குப் பின் பார்ட் பி எடுக்காவிட்டால் பி.எஸ்.எச்.பி. காப்பீட்டையே இழப்பீர்கள்.

வேலையில் இருக்கும்வரை உங்கள் இருவருக்கும் பார்ட் பி தேவையில்லை. 2027 மே மாதம் 65 ஆனதும் கடிதங்களும் விளம்பரங்களும் குவியும், பதற வேண்டாம்.

மெடிகேர் வரி பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட 1.45 சதவீதம், மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ-க்குப் போனது. அதனால்தான் பார்ட் ஏ-க்கு நீங்கள் பிரீமியம் கட்டப் போவதில்லை. மருத்துவர், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சை இவற்றைப் பார்க்கும் பார்ட் பி வேறு பை. அதன் செலவில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சாதாரண பிரீமியம் ஈடுகட்டுகிறது. மீதிப் பெரும்பகுதியை அரசு போடுகிறது. அது கட்டாயமான கதை வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே பணம் ஒதுக்கச் சொல்லித் தபால் துறையின் கழுத்தை நெரித்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான தபால் சீர்திருத்தச் சட்டம் அந்தச் சுமையை நீக்கியது. ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவை முதலில் மெடிகேர் ஏற்க வேண்டும் என்று மாற்றியது. பார்ட் பி கட்டாயமானது அதனால்தான்.

இனி பணக் கணக்கு. 2026இல் பார்ட் பி சாதாரண பிரீமியம் மாதம் 202.90 டாலர். இருவருக்கும் சேர்த்து மாதம் 405.80, ஆண்டுக்கு 4,869.60. உங்கள் பென்ஷனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நீங்கள் ஓய்வு பெறும்போது இன்னும் கூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வேலையில் இருக்கும்போது காப்பீட்டுப் பிரீமியம் வரிக்கு முன் பிடிக்கப்படுகிறது. ஓய்வுக்குப் பின் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962இல் பிறந்த உங்களுக்கு முழு சமூகப் பாதுகாப்புத் தொகை 67 வயதில்தான். அதுவரை அதைத் தொடாமல் காத்திருந்தால், பார்ட் பி அதிலிருந்து பிடிக்கப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். 2026 விலையில் இருவருக்கும் சேர்த்து 1,217.40 டாலர். ஓய்வு பெற்ற முதல் மாதங்களில் முழுப் பென்ஷன் வராமல் இடைக்காலத் தொகைதான் வரும். ஆகவே இரண்டு பில்லுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது? உங்கள் மனைவிக்கு வெளிநோயாளியாக ஒரு சிகிச்சை நடந்து, மெடிகேர் ஏற்கும் தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2026இன் 283 டாலர் கழிவு (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) போக, மீதியில் 80 சதவீதத்தை, அதாவது 7,773.60 டாலரை, பார்ட் பி கொடுக்கும். எஞ்சுவது 2,226.40. அந்தப் பில் அடுத்து உங்கள் பி.எஸ்.எச்.பி. திட்டத்துக்குப் போகும். ஏ, பி இரண்டும் இருப்பவர்களுக்குப் பல திட்டங்கள் தங்கள் கழிவையும் பங்குத் தொகையையும் தள்ளுபடி செய்வதால், உங்கள் கைக்காசு பெரும்பாலும் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடும்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வேலையில் இருந்தபோது, பெரிய பில் வந்தால் தாங்க வேண்டுமே என்று உயர்ந்த பிரீமியத் திட்டத்தை எடுத்திருப்பார்கள். ஓய்வுக்குப் பின் பெரிய பில்லை முதலில் தாங்குவது மெடிகேர். ஆனாலும் பழைய திட்டத்தையே வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். ஒரே பாதுகாப்புக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள். சில திட்டங்களின் நடுத்தர வகைகளில் பிரீமியமும் குறைவு, பார்ட் பி பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் தருவார்கள். 2025இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 800 டாலர் வரை திருப்பித் தந்த திட்டம் உண்டு. இரண்டு பேருக்கு 1,600. பிரீமியம் வித்தியாசத்தையும் சேர்த்தால், பார்ட் பி செலவில் கணிசமான பங்கு திரும்பிவிடும்.

ஆகவே 2027 நவம்பர், டிசம்பரில் வரும் ஓபன் சீசன், அதாவது திட்டத்தை மாற்றிக்கொள்ளும் பருவம்தான், உங்களுக்கு முக்கியமான காலம். அப்போது மாற்றும் திட்டம் ஜனவரியில் நடைமுறைக்கு வரும்; டிசம்பர் 31 ஓய்வுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு திட்டத்தின் கையேட்டிலும் மெடிகேருடன் சேர்ந்து அது எப்படிச் செயல்படும் என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். கையேட்டின் முகப்பில் போட்டிருக்கும் சலுகைகள் பெரும்பாலும் மெடிகேர் இல்லாதவர்களுக்கானவை.

பார்ட் பி விண்ணப்பத்தை 2027 அக்டோபரிலேயே எடுத்துவையுங்கள். சி.எம்.எஸ்.-40பி என்ற விண்ணப்பம் ஒன்று, சி.எம்.எஸ்.-எல்564 என்ற வேலைச் சான்று ஒன்று. இரண்டாவதைத் தபால் துறையின் மனிதவளப் பிரிவு நிரப்பித் தர வேண்டும். மனைவிக்கும் உங்கள் வேலையின் அடிப்படையில் தனியாக ஒரு படி வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் அதிகம். தொடக்கத் தேதி 2028 ஜனவரி 1 என்று எழுதுங்கள். வேலை முடிந்த பிறகும் எட்டு மாத அவகாசம் உண்டுதான். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது தாண்டினால் ஒவ்வொரு முழு 12 மாதத் தாமதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், ஆயுள் முழுக்க.

வருமானம் அதிகமானால் பார்ட் பி பிரீமியமும் கூடும். 2026இல் தம்பதியருக்கான எல்லை 218,000 டாலர். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்ப்பார்கள். உங்களுக்கு இப்போது கவலையில்லை. வீட்டுக் கடனை அடைக்க, வேலையில் சேர்த்த டி.எஸ்.பி. ஓய்வுக்காலச் சேமிப்பை ஒரே ஆண்டில் மொத்தமாக எடுக்கும் யோசனை இருந்தால் மட்டும் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மனைவியின் மருந்துகள். மெடிகேரில் சேர்ந்ததும், பி.எஸ்.எச்.பி. திட்டம் வழியாகவே ஒரு பார்ட் டி மருந்துத் திட்டத்தில் அவரைச் சேர்ப்பதாகக் கடிதம் வரும். வேண்டாம் என்று சொல்லவும் அதில் வழி இருக்கும். சொல்லிவிடாதீர்கள். விலகினால் மருந்துக் காப்பீடே போய்விடும். பிரீமியத்தில் ஒரு காசும் குறையாது. இன்சுலின் தேவைப்பட்டால், காப்பீட்டில் அடங்கும் ஒவ்வொரு வகைக்கும் மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் போகாது. 2026இல் காப்பீட்டில் அடங்கும் மருந்துகளுக்கு ஆண்டு முழுவதற்குமான கைச்செலவு உச்சவரம்பு 2,100 டாலர். தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து வெளியே ஒரு பார்ட் டி திட்டத்தில் சேர்ந்தாலும் பி.எஸ்.எச்.பி.யின் இந்த மருந்துக் காப்பீடு கைவிட்டுப் போகும்.

கும்பகோணத்தில் தங்குவது பற்றி. அமெரிக்காவுக்கு வெளியே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குப் பார்ட் பி கட்டாயமில்லை. ஆண்டுக்கு நாலைந்து மாதம் அம்மாவுடன் இருப்பது அதில் சேராது. அங்கே மெடிகேர் உதவாது. நாடு முழுவதும் செயல்படும் பி.எஸ்.எச்.பி. திட்டங்களில் பல, வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் பணம் தருகின்றன. நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பெற வேண்டும். பெயர், தேதி, நோய், ஒவ்வொரு இனத்துக்கும் தனித் தொகை எல்லாம் உள்ள பில்லை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். "மருந்து மற்றும் சிகிச்சை" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்ட ரசீது செல்லாது. திட்டம் தேர்ந்தெடுக்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வட்டாரத்தில் இயங்கும் எச்.எம்.ஓ. திட்டங்கள் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டுமே வெளியூரில் கொடுக்கும். எந்தச் சூழ்நிலையிலும் பி.எஸ்.எச்.பி.யை ரத்து செய்யாதீர்கள். ஓய்வூதியர் ரத்து செய்தால் திரும்ப வர முடியாது.

இப்போது சர்வைவர் பென்ஷன். உங்களுக்குப் பின் மனைவிக்குக் காப்பீடு தொடர இரண்டு விஷயங்கள் வேண்டும்: உங்கள் கடைசி நாளில் அவர் உங்கள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்; அவருக்கு சர்வைவர் பென்ஷன் வர வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு எழுபது, எண்பது வயதில் அது நேரக் கூடாது. முழு அளவில் எடுத்தால் உங்கள் 1,900 டாலரில் 10 சதவீதம், 190 டாலர், குறையும்; பின்னாளில் அவருக்கு மாதம் 950 கிடைக்கும். அது முடியவே முடியாது என்றால் பாதி அளவு எடுங்கள்: 95 டாலர் குறையும், அவருக்கு 475 கிடைக்கும், காப்பீடும் தொடரும். அந்த 95 டாலருக்கு ஈடாக வெளியே எந்தக் காப்பீடும் அவருக்குக் கிடைக்காது. முழு அளவைவிடக் குறைத்தாலோ, வேண்டாம் என்றாலோ, ஓய்வு விண்ணப்பத்தில் மனைவி நோட்டரி முன் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மேசைக்குப் போவதற்கு முன் இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.