பச்சை பூஅர், முதிர்ந்த பூஅர்: எதில் தொடங்குவது?

கேள்வி: சீனாவின் பூஅர் தேயிலையில் பச்சை வகை, முதிர்ந்த வகை இரண்டையும் சிறிதளவு வாங்கியுள்ளேன். இவற்றை எப்படித் தயாரித்துச் சுவைப்பது?
– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பதில்: பால், சர்க்கரை சேர்க்காமல் முதிர்ந்த வகையில் தொடங்குங்கள். யுன்னான் மாகாணத்தின் பெரிய இலைத் தேயிலையை ஈரப்படுத்திக் குவித்து, நுண்ணுயிர்களால் சில வாரங்களில் நொதிக்கச் செய்யும் இம்முறை 1970களில் குன்மிங் நகரில் உருவானது. இதனால் துவர்ப்பு குறைந்து மண்மணமும் மென்மையும் கூடுகின்றன. பச்சை வகையோ ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிர்வது. இளையதாக இருக்கையில் கசப்பு தூக்கலாக இருந்தாலும், விழுங்கிய பின் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததைப் போன்ற இனிப்பு தொண்டையில் எழும். அந்த இனிப்புக்காகவே நான் அதை ஒருபடி மேலாக மதிக்கிறேன்.

100 மி.லி. நீருக்கு 5 கிராம் இலை போதும். கொதிநீரை ஊற்றி உடனே கொட்டிவிட்டு, மீண்டும் ஊற்றி 10 முதல் 15 விநாடிகளில் வடித்துப் பருகுங்கள். இளம் பச்சை வகைக்குக் கொதி அடங்கிய நீர் நல்லது. அதே இலையைப் பலமுறை பயன்படுத்தலாம்.

நீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு மிகுதி. தேயிலையிலும், குறிப்பாக முற்றிய இலைகளில், அது உண்டு. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது என்பதால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.