ஆடிப் பட்டமும் பேராக் மழையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பால்மரத் (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்தவள் நான். இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடொன்றில் குடியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் வீட்டின் பின்புறத்தில் காய்கறி பயிரிடுகிறேன். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பாட்டி சொன்னதை நம்பி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் விதைக்கிறேன். வெண்டை தலையெடுப்பதில்லை, மிளகாய் இலை சுருண்டுவிடுகிறது. இந்த நாட்டில் பருவம் என்று ஒன்று கிடையாது, எப்போது விதைத்தாலும் ஒன்றுதான் என்கிறான் மகன். அப்படியானால் சிறுவயதில் நாங்கள் பால்மர இலையின் சதையை நீக்கி நரம்பு எடுத்ததும், கொட்டை பொறுக்கிப் பல்லாங்குழி ஆடியதும் ஆண்டுதோறும் ஒரே காலத்தில் எப்படி நடந்தன? அவற்றைப் பேத்திக்குக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன்.

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகன் வெயிலை வைத்துப் பேசுகிறார். வெயில் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அடிக்கிறது. பருவத்தை மழையை வைத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டி சொன்ன பழமொழி தமிழ்நாட்டு மழைக் கணக்கில் பிறந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். ஆடிக்குள் காவிரி வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும். அப்போது விதைத்த பயிரை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை வளர்த்துக் கொடுக்கும். பேராக்கின் உட்பகுதியிலோ ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகிறது: அக்டோபர், நவம்பரில் பெரியது, ஏப்ரல், மே மாதங்களில் அதைவிடச் சற்றுச் சிறியது. இவற்றுக்கு இடையே பிப்ரவரியிலும், ஜூன், ஜூலையிலும் மழை குறைகிறது. ஆகவே ஆண்டிலேயே மழை குறைந்த நாள்களாகப் பார்த்து நீங்கள் விதைத்து வந்திருக்கிறீர்கள். மிளகாய் இலையைச் சுருட்டும் இலைப்பேன் பெருகுவது அத்தகைய வறட்சியில்தான்.

நம் ஊருக்கு ஆவணியையும் பங்குனியையும் விதைப்பு மாதங்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில், அதாவது ஆகஸ்டு பிற்பாதியில் விதைத்தால், அக்டோபரின் மாலை இடிமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். அந்த மழை தொடங்கிய பிறகு விதைத்தால் நாற்று அழுகும். கனமழை செம்மண்ணை இறுக்கிவிடுவதால் முளையும் மேலே வரத் திணறும். முருங்கைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஈரம் மிகுந்தால் அது தழைத்துக்கொண்டே போகும், பூப்பது குறையும். எனவே மழை குறைந்த மாதங்களில்தான் அதனிடம் காயை எதிர்பார்க்கலாம். கீரைக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, பருவமே இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நீங்கள் வளர்ந்த தோட்டத்தில் பால்மரமே நாள்காட்டியாக இருந்தது. பிரேசிலிலிருந்து வந்த அந்த மரத்தின் கன்றுகளை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோலகங்சாரில் 1877இல் நட்டார்கள். அது இங்கேயும் ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலை முழுவதையும் சிவக்கவிட்டு உதிர்க்கிறது. அப்போது பாலும் குறைகிறது. உடனே துளிர்த்துப் பூக்கிறது. ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில், காய்கள் வெயிலில் 'பட்' என்று வெடித்துக் கொட்டைகளைத் தொலைவில் எறிகின்றன. அந்த மரங்கள் போய், அவை நின்ற நிலத்தில் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வந்தது. செம்பனை ஒரேயடியாக இலை உதிர்ப்பதில்லை. பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை, ஆண்டு முழுவதும் குலை வெட்டப்படுகிறது. அதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு மாதங்களெல்லாம் ஒன்றுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. உங்கள் மகனை நான் குறை சொல்ல மாட்டேன்.

மரத்தைப் பார்க்க முடியாவிட்டால் மின்கம்பியைப் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் தகைவிலான் குருவிகள் செப்டம்பர் வாக்கில் நம் சிறு பட்டணங்களின் கம்பிகளில் மாலை நேரங்களில் வரிசையாக வந்து அமரும். அவை பெருகத் தொடங்கும்போது உங்கள் ஆவணி விதைப்பு முடிந்திருக்க வேண்டும்.

கைவேலைக்கு வருகிறேன். கடையில் விற்கும் கைவேலைப் பொருள் பெட்டிகளை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. பொருள் கிடைக்கும் காலத்துக்காகக் காத்திருப்பதே கைவேலையின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். இலை நரம்பு எடுக்கப் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே ஏற்றவை. கிழியாத, முற்றிய இலைகளை வாளி நீரில் மூழ்க வைத்துச் சில வாரங்கள் விட்டால் சதை கொழகொழவென்று ஆகிவிடும். பிறகு ஓடும் நீரில் பிடித்து, மென்மையான பழைய பல்தூரிகையால் மெல்லத் தேய்த்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அதைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலே பளு ஏற்றி உலர்த்த வேண்டும். சலவைச் சோடாவில் கொதிக்க வைத்தால் வேலை விரைவில் முடியும் என்றாலும், சிறுமியை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். வாளியை இறுக மூடி வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வீட்டு வளாகத்தில் அதை வளரவிடுவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளுக்கும் இது பொருந்தும்.

தோரணத்துக்குத் தென்னங்குருத்தை வெட்டும்போது நடுக்குருத்தின் அடியைத் தொடக்கூடாது. வளரும் நுனி அங்கேதான் இருக்கிறது, அது போனால் மரமே போய்விடும். ஈர்க்கு விளக்குமாற்றுக்கு மட்டும் காலம் பார்க்க வேண்டியதில்லை. குலை வெட்டும் இடத்தில் செம்பனை மட்டை எப்போதும் கிடக்கும்.

பல்லாங்குழிக்குக் கொட்டை பொறுக்கும் காலம் உங்கள் ஆவணி விதைப்போடு சேர்ந்தே வருகிறது. இன்று இந்நாட்டின் பால்மரங்களில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே அத்தகைய நிலம் இருந்தால் உரியவரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். ஒரு காயில் மூன்று கொட்டைகள் இருக்கும். பதினான்கு குழிக்கு ஐந்து ஐந்தாக வைத்தால் 70 கொட்டைகள் போதும். கழுவி, வெயிலில் காயவைத்து, துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஓட்டின் புள்ளிகள் பளபளக்கும். கொட்டைக்குள் இருக்கும் வேகாத பருப்பில் சயனைடை வெளிவிடும் நச்சுப்பொருள் உண்டு என்பதால், பேத்தி கடித்துப் பார்க்காமல் அருகிலேயே இருங்கள்.

அன்புடன்.