டர்போ: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: என் டிரக்கில் 6 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். இப்போது 300 எச்பி. இன்ஜெக்டர் மாற்றி, டியூன் செய்து 450 எச்பி எடுக்க எண்ணம். டிரெய்லர் இழுக்கும் வேலையும் உண்டு. "பெரிய டர்போவாகப் போட்டுவிடு, பிற்பாடு எவ்வளவு கூட்டினாலும் தாங்கும்" என்கிறார்கள். சரியா?

தாங்கும், இழுக்காது. எக்ஸாஸ்ட் வாயு டர்பைன் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டிலுள்ள கம்ப்ரஸர் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ. டீசலில் பவர் தருவது எரிபொருள், காற்று அதை எரிக்கத்தான். அதனால் கணக்கை எரிபொருளிலிருந்து தொடங்குங்கள். ஒரு எச்பிக்கு மணிக்குச் சுமார் 170 கிராம் டீசல் என்று வைத்தால் 450 எச்பிக்கு 76.5 கிலோ. ஒரு கிலோ டீசலுக்கு 20 கிலோ காற்று கொடுங்கள். வேதிக் கணக்குப்படி பதினான்கரை போதும். ஆனால் டீசலில் 18-க்குக் கீழே இறங்கினால் கரும்புகையும் சூடும் கூடவே வரும். ஆக மணிக்கு 1,530 கிலோ காற்று, நிமிடத்துக்கு 25.5 கிலோ. கம்ப்ரஸர் மேப்புகள் (எவ்வளவு காற்றை எந்த அழுத்த விகிதத்தில் தரும் என்று காட்டும் வரைபடங்கள்) பல பவுண்டில் இருப்பதால் 56 பவுண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அழுத்தம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டர் காற்றை இழுக்கும். 3,000 ஆர்பிஎம்மில் 1,500 முறை, தலா 6 லிட்டர்: 9,000 லிட்டர். 90 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால் 8.1 கன மீட்டர். அதற்குள் 25.5 கிலோ அடங்க வேண்டும். கன மீட்டருக்கு 3.15 கிலோ. இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) தாண்டிய காற்று 55 டிகிரியில் இருந்தால் இதற்கு 3 பார் முழு அழுத்தம் வேண்டும், அதாவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும் காட்டும் பூஸ்ட் மீட்டரில் 2 பார். இன்டர்கூலரும் குழாயும் 0.15 பார் தின்னும், ஏர் ஃபில்டர் 0.05. ஆகவே கம்ப்ரஸரின் அழுத்த விகிதம், வெளியேறும் 3.15 பாரை நுழையும் 0.95 பாரால் வகுத்தால் வரும் 3.3.

56 பவுண்டு, 3.3 என்ற புள்ளியை மேப்பில் வையுங்கள். திறன் 70 சதவீதத்துக்கு மேல் உள்ள வளையத்துக்குள் விழ வேண்டும். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தப்பும் இங்கேதான் நடக்கிறது. இரண்டாவது புள்ளியும் வேண்டும்: 1,600 ஆர்பிஎம், முழுப் பெடல், 1.6 பார் பூஸ்ட். அதே கணக்கில் சுமார் 26 பவுண்டு, விகிதம் ஏறத்தாழ 2.8. மிகப் பெரிய கம்ப்ரஸரில் இந்தப் புள்ளி மேப்பின் இடது எல்லையான சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் விழும். காற்று முன்னே போக வழியின்றித் திருப்பி உதைக்கும். மேட்டில் பெடலை மிதிக்கும்போது 'புர்புர்' என்று இருமுவது அதுதான். தண்டு முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் அதில் சீக்கிரம் போய்விடும். டர்பைனும் பெரிதாக இருந்தால் அந்த ஆர்பிஎம்மில் 1.6 பாரே வராது: புகை வரும், டர்பைனுக்கு முன்னே எக்ஸாஸ்ட் சூடு 700 டிகிரியைத் தாண்டும்.

சுமை இழுக்கும் இன்ஜின் தன் நேரத்தில் பெரும்பகுதியை 1,600-க்கும் 2,200-க்கும் இடையில்தான் கழிக்கிறது. இரண்டு புள்ளியும் ஒரே மேப்பில் நன்றாக அமையவில்லை என்றால் மேல் புள்ளியில் விட்டுக்கொடுங்கள், கீழ்ப் புள்ளியில் கூடாது. '63 எம்எம் டர்போ' என்று கேட்டு வாங்குவதும் போதாது. அது கம்ப்ரஸர் வீலின் வாய் அளவு மட்டும். அதே வாயோடு வெவ்வேறு அளவு காற்றுத் தரும் வீல்கள் உண்டு. மேப் தராத டர்போவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே டர்போவுக்கு 0.80, 1.00 என இரண்டு ஏ/ஆர் ஹவுசிங் கிடைக்கிறது. எதை எடுப்பது?

டர்பைன் ஹவுசிங்கில் வாயு போகும் பாதையின் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்தப் பாதை உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது ஏ/ஆர். சிறியது சீக்கிரம் பூஸ்ட் தரும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். எதுவரை முட்டலாம் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். எக்ஸாஸ்ட் மெனிபோல்டில் டர்பைனுக்கு முன்னே துளையிட்டு, 6 மில்லிமீட்டர் எஃகுக் குழாயை அரை மீட்டர் நீளத்துக்குச் சுருளாகக் கொண்டுவந்து, சூடு தணிந்த இடத்தில் மீட்டரை மாட்டுங்கள். பூஸ்ட் 2 பார் இருக்கும்போது இது 2.2 முதல் 2.6 வரை காட்டினால் நல்லது. 4 பார் காட்டினால் டர்பைன் சிறியது. மாறாக 2,200 ஆர்பிஎம் வரை பூஸ்டே எழவில்லை என்றால் ஹவுசிங் பெரியது. எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு படி மட்டும் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். டிரெய்லர் வண்டிக்குத் தொடக்கம் 0.80.

மெனிபோல்ட் இரு வழியாகப் பிரிந்ததா என்றும் பாருங்கள். வரிசை ஆறு சிலிண்டரில் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று ஒரு வழி, பின் மூன்று மறு வழி; துடிப்புகள் மாறி மாறி வருவதால் ஒன்றையொன்று தடுப்பதில்லை. அந்த மெனிபோல்டில் ஒற்றை வழி ஹவுசிங்கை மாட்டினால் துடிப்புகளின் உதை அங்கேயே கலந்து வீணாகும், பூஸ்ட் தாமதமாகும்.

கேள்வி: பழைய டர்போவிலேயே வேஸ்ட்கேட்டை (மிகை எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வால்வு) இறுக்கி 2.5 பார் வருகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

மீட்டர் அழுத்தத்தைக் காட்டுகிறது, காற்றின் எடையை அல்ல. 30 டிகிரி காற்றை 3.5 விகிதத்துக்கு அழுத்தினால், 75 சதவீதத் திறனில் அது 205 டிகிரி அளவில் வெளியேறும்; 60 சதவீதத்தில் 250-ஐ நெருங்கும். கூடுதல் சூட்டை இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். சுழலும் வேகமும் வரம்பு மீறும். கம்ப்ரஸர் வீலைக் கழற்றும்போது அதன் முதுகைப் பாருங்கள்: ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு இருந்தால் அந்த வீல் வெடிக்கக் காத்திருக்கிறது.

கேள்வி: 2,000 மீட்டர் உயரத்தில் ஓட்டுகிறேன். கணக்கு மாறுமா?

மாறும். அங்கே வெளிக்காற்றே 0.8 பார் அளவுதான், ஃபில்டர் தாண்டினால் 0.75. முதல் கேள்வியின் அதே 3.15 பாருக்கு விகிதம் 4.2 ஆகிவிடும், ஒற்றை டர்போ மேப்பின் உச்சியில் தொங்கும். அங்கே எரிபொருளைக் குறையுங்கள், இல்லையேல் இரண்டு டர்போவை அடுத்தடுத்து வையுங்கள். விகிதங்கள் பெருகும்: 2-ம் 2.1-ம் சேர்ந்து 4.2.

கேள்வி: புது டர்போ மாட்டியதும் நீலப்புகை, டர்பைன் பக்கம் ஆயில். டர்போவே கோளாறா?

முதலில் ஆயில் வடிகுழாயைச் சந்தேகியுங்கள். பேரிங்கிலிருந்து நுரையாக வரும் ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே இறங்க வேண்டும். குழாய் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கட்டும். நடுவே தொய்வோ மடிப்போ கூடாது. சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மைய ஹவுசிங்கைத் திருப்பி மாட்டியிருந்தால் வடிவாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயாமல் பாருங்கள். கிராங்க்கேஸ் பிரீதர் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். ஆயில் ஃபிளாஞ்சில் சிலிக்கோன் பசை பூசாதீர்கள், பிதுங்கிய துணுக்கு துளையை அடைத்துவிடும். மறுபடி மாட்டும்போது டர்போவின் ஆயில் நுழைவாய் வழியே ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றி, எரிபொருளைத் துண்டித்தபடி ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிய பிறகே கிளப்புங்கள்.