ஏர் ரைபிள்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏர் ரைபிள் மட்டும்தான். தோட்டா போடும் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

அண்ணே, சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடை வைத்திருக்கிறேன். ஒரு துப்பாக்கிக்கு வேகமே இல்லை, பெல்லட் (ஈயக் குண்டு) பலூனில் பட்டுக் கீழே விழுகிறது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா?

ஸ்பிரிங்கைக் கடைசியில் பாருங்கள். பேரலை, அதாவது குழலை, மடக்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங். பேரலை மூடியபின் அந்த இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்து, பெல்லட் போட்டுப் பலகையைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கேதான் ஓடுகிறது. வளையத்தை மாற்றினால் போதும், பெரிய செலவில்லை.

பேப்பர் அசையவில்லையென்றால் அடுத்தது பிஸ்டன் வாஷர்; ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனின் முனையில் காற்று கசியாமல் பிடிப்பது அதுதான். பழைய துப்பாக்கியில் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்தால் சுருங்கி, காற்றைப் பிடிக்காது. அதற்காகக் கையில் கிடைத்த மெஷின் ஆயிலை ஊற்றாதீர்கள். பிஸ்டன் அடிக்கும்போது உள்ளே காற்று சட்டென்று சூடாகும்; எண்ணெய் அதிகமானால் அதுவே பற்றிக்கொள்ளும். 'டமால்' என்ற சத்தமும் புகையும் வந்தால் பலம் கூடிவிட்டதென்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் வாஷரும் ஸ்பிரிங்கும் செத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்பிரிங் வளைந்திருந்தாலோ புதிதில் இருந்ததைவிடக் குட்டையாகியிருந்தாலோ மாற்றுங்கள். பழகியவரிடம் கொடுங்கள். உள்ளே அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் அது. பின்னைத் தட்டிக் கழற்றினால் முகத்துக்கு வரும்.

உங்கள் கடையில் இன்னொன்றும் நடக்கும். அடுத்த ஆள் வரட்டும் என்று பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தியே வைத்திருப்பீர்கள், பையன்கள் பெல்லட் இல்லாமல் விசையை இழுப்பார்கள். முன்னதில் ஸ்பிரிங் தளரும். பின்னதில் பிஸ்டனைத் தாங்க எதிர்க்காற்று இல்லாமல் நேராகப் போய் மோதும். இந்த இரண்டையும் நிறுத்தினாலே பாதி ரிப்பேர் குறையும்.

அரியாங்குப்பத்திலிருந்து கேட்கிறேன் அண்ணா. இன்னும் கனமான ஸ்பிரிங் போட்டால் பவர் ஏறுமா?

ஏறலாம் தம்பி. கூடவே உதையும் ஏறும், குறி சிதறும், ஸ்கோப் ஆடிப்போகும். ஒலிம்பிக்கில் பத்து மீட்டருக்குச் சுடும் ரைபிளின் பவரே சுமார் 7.5 ஜூல்தான் (ஜூல் என்பது சக்தியின் அளவு). அந்த இலக்கின் பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர்! அதற்கே அவ்வளவு போதும். தவிர, 2016 ஆயுத விதிகளின்படி பவர் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ லைசென்ஸ் வேண்டும். கம்பெனி போட்ட அதே அளவு ஸ்பிரிங்கை வாங்கிப் போடு.

சார், என் மகள் பத்து மீட்டர் பழகுகிறாள். அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்த ரைபிளைப் பழையதாக வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதிலிருந்து இந்தக் கேள்வி நிறைய வருகிறது, சந்தோஷம்மா. பேரலுக்கு முன்னால் சிலிண்டரைப் பாருங்கள். தயாரித்த தேதி அதிலேயே பொறித்திருக்கும். போட்டி விதிப்படி அதிகபட்சம் பத்து வருடம்தான். ஒன்பது வருடம் ஆன சிலிண்டரென்றால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

காற்றை நிரப்பி இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். குளிர்ச்சிக்குக் கொஞ்சம் இறங்கும். நன்றாக இறங்கியிருந்தால் ஏதோ ஒரு ஓ-ரிங் போயிருக்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது யாரும் சிலிண்டரைத் திருகித் திறக்கக் கூடாது.

கைப்பம்பு என்றால் இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீரை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிடுங்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றை அப்படியே அடைத்தால் உள்ளே துரு பிடிக்கும்.

தேவனாம்பட்டினத்தில் வீடு. எவ்வளவு துடைத்தாலும் துரு. ஸ்டெயின்லெஸ் திருகு வாங்கவா?

வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியில் மூடி வைக்கிறீர்களா? அந்த ஸ்பாஞ்சுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வெளியே எடுத்து, கைரேகை பட்ட இரும்பையெல்லாம் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். அப்படியே கட்டையின் திருகுகளையும் முறுக்கிப் பாருங்கள். குறி தவறுகிறதென்று பேரலை மாற்றக் கிளம்பியவர்களில் பலருக்குத் திருகுதான் தளர்ந்திருந்தது.

விசை கனமாக இருக்கிறது. பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கியை லேசாக அரம் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. தட்டினாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். சரிசெய்யும் திருகு இருந்தால் புத்தகத்தில் சொன்ன அளவுக்குள் மட்டும் திருப்புங்கள்.

ஏரியில் கொக்கு அடிக்க எந்த பெல்லட் நல்லது?

எதுவும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தகர டப்பாவை அடியுங்கள்.

பெல்லட் டப்பாவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

அது ஈயமே அரித்து உண்டாகும் ஈய உப்பு. குறியும் கெடும், உடம்புக்கும் ஆகாது. அந்த டப்பாவை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். நல்ல பெல்லட்டும் ஈயம்தான். பீச்சில் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, அப்புறம் சுண்டல் வாங்குங்கள்.