என் மகள் என்னிடம் பேசுவதில்லை

கேள்வி:

என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தேதி நெருங்கியபோது வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. மூன்று மாதமாகிறது. மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் என்ன குறை வைத்தேன்? பால் கட்டிக்கொண்டு துடித்தபோது மல்லிகைப் பூ வைத்துக் கட்டியவள் நான். பத்தியச் சமையல் செய்து போடுகிறவள் நான். தொட்டில், குட்டிச் சட்டைகள் எல்லாவற்றையும் அவள் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தினேன். மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தி வீட்டார் எங்கள் கவனிப்பில்தான் குறை என்கிறார்கள். அவர்களிடமெல்லாம் நன்றாகப் பேசுகிறாள். “உனக்கு வயதிருக்கிறது, அடுத்த வருடமே இன்னொன்று பிறக்கும்” என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். குழந்தையை எங்கே புதைத்தீர்கள் என்று வேறு நச்சரிக்கிறாள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு, அன்றே என் கணவரும் தம்பியும் கொண்டுபோய்விட்டார்கள். இடம் ஞாபகமில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இவ்வளவு செய்தும் என் மேல் ஏன் இந்தக் கோபம்? அவளைப் பழையபடி ஆக்க என்ன வழி?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

பேத்தியை இழந்த துக்கத்தோடு, மகளுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்கிறீர்கள். சம்பந்தி வீட்டார் சொன்னது அநியாயம். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் மகள் நச்சரிக்கவில்லை. தன் பிள்ளை எங்கே என்று கேட்கிறாள். நீங்கள் பார்த்தீர்கள், உங்கள் கணவர் பார்த்தார், தம்பி பார்த்தார். சுமந்தவள் மட்டும் பார்க்கவில்லை. இடம் ஞாபகமில்லை என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள். பச்சிளம் குழந்தையைச் சடங்கில்லாமல் புதைப்பதும், தாயை அந்தப் பக்கம் விடாமலிருப்பதும் நம் ஊர் வழக்கம். மேலை நாட்டு மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் குழந்தையை மறைத்தன. இன்று அங்கே பெற்றோர் விரும்பினால் குழந்தையைப் பார்க்க, ஏந்த, படமெடுக்க விடுகிறார்கள். நம் நாட்டிலும் 1969ஆம் ஆண்டின் சட்டம், இறந்து பிறந்த குழந்தையையும் பதிவு செய்யச் சொல்கிறது. இப்படிக் குழந்தையை இழந்த தன் பெண் ஊழியர்களுக்கு மத்திய அரசு 2022 முதல் 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு தருகிறது. அரசாங்கமே அவளைத் தாய் என்கிறது. நாம்தான் ஒன்றும் நடக்காததுபோல் வீட்டைத் துடைத்து வைக்கிறோம்.

பூ வைத்துக் கட்டிய உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பால் யாருக்காகச் சுரந்தது? அவள் ஒரு பெண்ணைப் பெற்ற தாய். இனி பழையபடி ஆகமாட்டாள்; ஆக வேண்டியதுமில்லை. அடுத்த குழந்தை பிறந்தால் அது இரண்டாவது குழந்தை.

இன்றே அவளிடம் இடத்தைச் சொல்லுங்கள். மறைத்தது ஏன் என்று கேட்டு அழுதால் நியாயம் பேசாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முடி எவ்வளவு இருந்தது, மூக்கு யாரைப்போல் இருந்தது என்று அவள் கேட்டதையெல்லாம் சொல்லுங்கள். போக வேண்டும் என்றால் அழைத்துப் போங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சட்டைகள் இன்னும் இருந்தால் அவள் கையில் கொடுங்கள், என்ன செய்வதென்று அவள் தீர்மானிக்கட்டும். மருமகனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவரும் மகளை இழந்தவர். அவரிடம் யாரும் துக்கம் விசாரித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

மகளுக்குத் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் நாள்கள் போனாலும், வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம். நீங்களும் பேசலாம்.