மனைவி இந்தியப் பிரசை, பிள்ளைகள் தமிழகத்தில் பிறந்தவர்கள்: எதை முதலில் பதிவது?

கேள்வி: 1990இல் சிறுவனாகப் பெற்றோருடன் படகில் இந்தியா சென்று, தமிழக அகதி முகாமொன்றில் வளர்ந்தேன். முகாமுக்கு அருகிலிருந்த ஊரைச் சேர்ந்த இந்தியப் பெண்ணை மணந்து, அங்கேயே திருமணத்தைப் பதிவும் செய்தோம். 2011இலும் 2015இலும் பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது பிள்ளைகளுடன் தற்காலிகப் பயண ஆவணத்தில் இலங்கைக்குத் திரும்பி வந்து, முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பகுதியில் அப்பாவின் காணியில் குடியிருக்கிறோம். மனைவி இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவுடன் வந்தார். இலங்கையரை மணந்தவர் என்பதால் அவர் இலங்கைப் பிரசை ஆகிவிட்டார் என்றும், விசா தேவையில்லை என்றும் ஊரில் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே இருக்கிறது. நாங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: ஊரில் சொல்வது தவறு. திருமணத்தால் எவரும் தானாக இலங்கைப் பிரசை ஆவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வெவ்வேறு விடயங்கள்: பிள்ளைகளுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி திறந்திருக்கிறது, அதைப் பதிவு செய்ய வேண்டும், மனைவிக்கு அனுமதி கேட்டுத்தான் பெற வேண்டும். இரண்டையும் ஒரே விண்ணப்பமாக எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்கள் இரண்டிலும் தாமதப்படுகிறார்கள்.

கால எல்லை உள்ளது என்பதால் மனைவியின் விசாவை இன்றே பாருங்கள். சுற்றுலா விசா பொதுவாக 30 நாட்களுக்குக் கிடைக்கும். நீடிப்புடன் ஆறு மாதம் வரை தங்கலாம். அந்தக் காலம் முடிவதற்குள், இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத்துணை என்ற வகையில் வதிவிட விசாவுக்குப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வவுனியா பிராந்திய அலுவலகத்தை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கு முக்கியமாக நடப்பது கடவுச்சீட்டு வேலை. காலம் கடந்து தங்கினால் தண்டப்பணம் கட்ட நேரிடும். அதைவிடப் பெரிய இழப்பு, பின்னர் பிரசாவுரிமை கேட்கும்போது அவருடைய வதிவிடப் பதிவில் ஓர் ஓட்டை விழுந்திருப்பது. கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருந்தால் அதைப் புதுப்பிக்கச் சென்னை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தை அணுகலாம்.

பிள்ளைகளின் நிலைமைதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, 2004 டிசம்பர் 3 முதல் அந்நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பது மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் போனவர்களை அந்தச் சட்டம் பொதுவாக அந்த வகையிலேயே வைக்கிறது. ஆகவே தாய் இந்தியர் என்ற ஆறுதல் உங்கள் பிள்ளைகளுக்கு உதவாது. இலங்கையிலும் பதியாமல் விட்டால், எந்த நாட்டின் பிரசை என்று காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு தாளும் இராது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரசையாக இருந்து, பிறப்பு முறைப்படி பதியப்பட்டால், பிள்ளை வம்சாவழிப் பிரசை ஆகும். (2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியே கணக்கு, உங்கள் விடயத்தில் தந்தையே இலங்கையர் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.) பதிவைப் பிறந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும் என்பது பொது விதி, எனினும் தகுந்த காரணம் காட்டினால் பிந்திய பதிவையும் அனுமதிக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. முகாம் வாழ்க்கை அத்தகைய காரணம் என்பதை முகாம் பதிவு அட்டையுடனும், திரும்பி வந்த பயண ஆவணத்துடனும் சேர்த்து எழுத்தில் விளக்குங்கள். தாமதத்துக்கான கட்டணம் இருக்கும். அதற்காகப் பயந்து இன்னும் ஓராண்டு விடுவது அர்த்தமற்றது. மூத்த பிள்ளைக்கு 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் பிரசாவுரிமைச் சான்றிதழையே முதலில் கேட்பார்கள். அடையாள அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் எவ்வளவு அலைக்கழிய வேண்டும் என்பதை வன்னிப் பாடசாலை அதிபர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் இடறுவது பெயரில். உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் "யோகராசா" என்றும், முகாம் அட்டையில் "யோகராஜ்" என்றும் இருந்தால், பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முகாம் அட்டையைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கும். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்துவிடுங்கள். போரில் உங்கள் பிறப்புச் சான்றிதழ் அழிந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க முயலுங்கள்; மூலப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஏற்பாடு உண்டு. இந்தியத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் அந்நாட்டு அதிகாரிகளாலும், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தாலும் உறுதிப்படுத்தப்பட்டிருப்பது நல்லது. மனைவியின் உறவினர் அங்கே இருப்பதால் அந்த வேலையை அவர்களிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.

மனைவி பின்னர் பிரசாவுரிமையும் பெறலாம். பிரசையின் வாழ்க்கைத்துணை ஓராண்டு தொடர்ச்சியாக இங்கு வதிந்து, தொடர்ந்தும் இங்கேயே வாழும் எண்ணத்துடன் பதிவு கோரலாம் என்று சட்டம் கூறுகிறது. வழங்குவதும் மறுப்பதும் அமைச்சரின் தீர்மானம். ஆனால் அவசரப்படாமல் இருவரும் அமர்ந்து பேச வேண்டிய இடம் இது. இந்தியா இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்பதில்லை. இலங்கைப் பிரசை ஆனவுடன் அவர் தம் இந்தியப் பிரசாவுரிமையை இழந்து, கடவுச்சீட்டையும் ஒப்படைக்க வேண்டும். முன்னாள் இந்தியர் என்ற முறையில் கடல்கடந்த இந்தியர் (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அது போக்குவரத்துக்கு உதவுமே தவிர பிரசாவுரிமைக்கு ஈடாகாது. வயதான தாய் தகப்பன் தமிழகத்தில் இருக்கும் ஒருவருக்கு, சில ஆண்டுகள் வதிவிட விசாவைப் புதுப்பித்துக்கொண்டு இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

காணி பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் துணுக்காயில் குடியிருப்பதால் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. உறவினருக்குச் செல்லும் முதுசம் போன்ற விதிவிலக்குகள் உண்டு; அப்பாவின் காணியோ அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியாக இருக்கலாம், அதற்கு வேறு விதிகள். மனைவி இந்தியப் பிரசையாக இருக்கும் வரை அவர் பெயரில் காணி உறுதி எழுதித் தருவதாகச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காமல், பிரதேச செயலகக் காணிக் கிளையில் கோப்பைப் பார்த்த பின்னரே எதையும் செய்யுங்கள்.