பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஆண்டுகள் மனதில் நிற்க என்ன செய்யலாம்?

உங்கள் மகளுக்கு மற்ற பாடங்களில் குறையில்லை, வரலாற்றில் மட்டும் எந்த ஆண்டில் எது நடந்தது என்று குழம்புகிறாள், கைடில் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்தும் டெஸ்டில் மறந்துவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். முதலில் அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஆண்டு தனியாக நிற்காது, முந்தைய நிகழ்வைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

ஒரு தொடரை முழுதாகச் சொல்கிறேன். 1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரிக்கிறார். எதிர்ப்பாகச் சுதேசி இயக்கம் கிளம்புகிறது. அந்தச் சூடு தூத்துக்குடிக்கும் வருகிறது. கொழும்புக்கு வெள்ளைக்காரர் கப்பல்தான் ஓட வேண்டுமா என்று 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம். தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் அவரும் சுப்பிரமணிய சிவாவும். அதே ஆண்டு மார்ச்சில் விபின் சந்திர பால் விடுதலையாகிறார். அவர் வங்கத் தலைவர், கவனியுங்கள். அந்த விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் ஏற்பாடு செய்த இருவரும் கைதாகிறார்கள். திருநெல்வேலியில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறக்கிறார்கள். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ் பிறகு திருநெல்வேலி கலெக்டராகிறார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் அவரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொல்கிறார். அந்த டிசம்பரிலேயே டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தாகிறது.

கல்கத்தாவில் தொடங்கியது மணியாச்சி வரை வந்துவிட்டது. இதை ஒருமுறை கதையாகச் சொல்லிவிட்ட பிள்ளை 1906ஐயும் 1908ஐயும் மாற்றிப் போடாது. கப்பல் கம்பெனி இல்லாமல் அந்தக் கைதுக்கு வந்து சேரவே முடியாதே! பாடப்புத்தகத்தில் இவை வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சேர்த்துக் காட்டுவது நம் வேலை. கைடுகளோ ‘ஏன்’ என்பதை வெட்டிவிட்டு ஆண்டை மட்டும் விட்டுவைக்கின்றன. எனக்கு அவற்றின்மேல் உள்ள கோபமே அதுதான்.

அடுத்து 1919 ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், 1920 ஒத்துழையாமை, 1922 சௌரி சௌரா என்று அவளையே கோர்க்கச் சொல்லுங்கள். ஒத்துழையாமையை காந்தி ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கேளுங்கள். சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டதை அவள் சொல்லிவிட்டால் 1922 தானாக வந்துவிடும். உலகப் போர்ப் பாடங்களுக்கும் இதே வழிதான். 1919 வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் தொடங்கினால் போதும்.

அப்புறம் காலக்கோடு. வாரம் ஒருமுறை புத்தகம் பார்க்காமல், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, பத்தாண்டுக்கு ஐந்து நிகழ்வு எழுதட்டும். 1920 முதல் 1930 வரை முதலில் செய்யட்டும், அதில் தண்டி, வேதாரண்யம் உப்பு யாத்திரைகள் இரண்டும் ஒரே ஆண்டில் வந்துவிடும்.